அடக்கி வாசிப்பதும் மென்மையாக வாசிப்பதும்

பரீட்சைக் காலம் நெருங்கினால் என்னிடம் பியானோ படிக்கும் பிள்ளைகளின் இசைத்தாள்கள் சிவந்துபோய்விடும். 'பி' என்ற எழுத்து இருக்கிற இடத்தையெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டால் பதில் பட்டென்று வரும். பி என்றால் பியானோ, மென்மையாக. பிபி என்றால் பியானிஸிமோ, மிக மென்மையாக. எஃப் என்றால் ஃபோர்ட்டே, உரத்து. நடுவில் மெட்சோ பியானோ, எம்எஃப் என்கிற மெட்சோ ஃபோர்ட்டே. எல்லாம் மனப்பாடம். சரி, வாசி என்றால், அந்த வட்டம் வந்ததும் கேட்பது பயம்தான். விரல் கட்டையைத் தொடவே தயங்கும், நாலு ஸ்வரத்தில் ஒன்று ஒலிக்காமலே போகும், தோள் காதுவரை ஏறிவிடும், சத்தத்தோடு சேர்ந்து வேகமும் இறங்கிவிடும், சில பிள்ளைகள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார்கள்.

இதை நான் அடக்கி வாசிப்பது என்கிறேன். மென்மையாக வாசிப்பது முற்றிலும் வேறு வேலை. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு, இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பாடமாகத் தெரிகிறது.

ஏன் எங்கள் பிள்ளைகள் அடக்கி வாசிக்கிறார்கள் என்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. லயத்துக் காம்பராவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பழைய லயங்கள் சிலவற்றில் நடுச்சுவர் கூரைவரைகூடப் போகாது. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே தூக்கம் கலையும். விடிய முன்னமே எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய், நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து எடுத்த அக்கா எட்டு மணிக்குப் படுத்தால், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஓர்கனை, அதாவது மின்சாரக் கீபோர்டை, திறப்பது எப்படி? அம்மா சொல்லுகிற முதல் வார்த்தையே "சத்தத்தைக் குறை" என்பதுதான். அம்மா சொல்வதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சின்னச் சத்தம் என்பது மற்றவருக்குத் தொந்தரவு தராமல் இருப்பது என்றே மனதில் பதிந்துவிடுகிறது. தாளில் 'பி' வந்ததும் கை அந்த வீட்டுக்கே போய்விடுகிறது.

ஓர்கனில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சத்தத்தைக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருகிவிட்டு, கையை மட்டும் எப்போதும் போல ஓங்கி அடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு மாணவி அப்படித்தான் பழகியிருந்தாள். வீட்டில் நன்றாக வருகிறது என்றாள். வகுப்புக்கு வந்து நிஜப் பியானோவில் உட்கார்ந்ததும் "திருகு எங்க மிஸ்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்தத் திருகு செய்கிற வேலையும் விரல் செய்கிற வேலையும் ஒன்றுதான் என்றால் பிபி பற்றிப் பேசவே தேவையில்லை.

ஒன்றில்லை. மாசி மாதத்தில் எதிர்மலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிறார்கள் என்று வையுங்கள். இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தங்கி, மேலே கொஞ்சம் சூடான காற்று நிற்கும்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் வரும், அதனால் பகலில் கேட்காத தப்பு இரவில் வீட்டு முன் இஸ்தோப்பில் நின்றால் கேட்கும். கேட்கிற சத்தம் அளவில் மிகச் சின்னது. ஆனாலும் அது மெல்ல அடிக்கிற தப்பு என்று ஒருவரும் நினைக்க மாட்டார்கள். அங்கே ஒருவர் முழுப் பலத்தோடு அடிக்கிறார் என்று காது சொல்லிவிடும். அதே காது, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் விரல் நுனியால் தட்டுவதையும் சரியாக அடையாளம் காணும். சத்தத்தின் அளவைத் தவிர வேறொன்றையும் கேட்டுத்தான் காது இப்படித் தீர்மானிக்கிறது. அது ஒலியின் நிறம்.

பியானோவில் இது நடக்கிற விதம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். கட்டையை வேகமாக அழுத்தினால் உள்ளே இருக்கிற சுத்தியல் வேகமாகப் போய்க் கம்பியில் மோதும். சுத்தியலின் தலையில் சுற்றியிருக்கிற ஃபெல்ட் அந்த மோதலில் நசுங்கி இறுகும், இறுகிய ஃபெல்ட் கம்பியில் இருந்து மேல்சுரங்களை, அதாவது ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகளை, அதிகமாகக் கிளப்பும். அதனால் ஃபோர்ட்டே பளிச்சென்று இருக்கிறது. மெல்ல அழுத்தினால் ஃபெல்ட் இறுகாது, மேல்சுரங்கள் குறைந்துவிடும், ஒலி உருண்டையாக, கொஞ்சம் இருட்டாக வரும். திருகைக் குறைத்து ஓங்கி அடித்தால் கிடைப்பது, தூரத்தில் இருந்து கேட்கும் ஃபோர்ட்டே. எதிர்மலைத் தப்பு மாதிரியே. பியானிஸிமோ அங்கே கிடையாது.

இந்த வசதி ஒரு காலத்தில் பெரும்பாலான கட்டைக் கருவிகளில் இல்லை. பியானோவுக்கு முன்பு வீடுகளிலும் அரண்மனைகளிலும் இருந்த ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் ஓர் இறகுத் துண்டு கம்பியைச் சுண்டும். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் சுண்டுகிற அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஃபுளோரன்ஸில் மெடிச்சி குடும்பத்திடம் வேலை பார்த்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி இதை மாற்றினார். மென்மையாகவும் உரத்தும் ஒலிக்கும் கருவி என்று அவருடைய கருவி 1700 ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. அவர் செய்ததில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று, அவற்றில் பழையது 1720 இல் செய்தது, நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் கண்டுபிடித்ததன் உயிர் எங்கே என்றால், சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடி விட்டுப்போகிறது. கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரைச் சுத்தியல் தானாகப் பறந்து கடக்கும், மோதி உடனே பின்வாங்கும். கையை விட்டுப் போன கல்லை நாம் எதுவும் செய்ய முடியாது, அது மாதிரி. நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, அந்தச் சுத்தியல் புறப்படும் வேகம். வேகம் மிகக் குறைந்துவிட்டால் அது கம்பிவரை போகாமலே விழுந்துவிடும், ஸ்வரம் ஒலிக்காது. பயந்து வாசிக்கிற பிள்ளைக்கு நாலில் ஒன்று காணாமல் போவதன் காரணம் இதுதான். பிபி என்பது ஒலிக்கும் ஒலிக்காது என்கிற விளிம்பில் நடப்பது. அங்கே நடக்கக் கை தளர்ந்திருக்க வேண்டும், ஆனால் விரல் நுனி உறுதியாக இருக்க வேண்டும். இறுகிய மணிக்கட்டால் அந்த விளிம்பைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே வகுப்பில் நான் முதலில் ஒலிக்காமல் வாசிக்கச் சொல்லுவேன். நடு சி கட்டையில் விரலை வைத்து, சத்தமே வராதபடி அடிவரை அழுத்து. கட்டை ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் கீழே போகும், அதில் முக்கால் வழிக்குமேல் ஓர் இடத்தில் சின்னத் தடை ஒன்று விரலுக்குத் தட்டுப்படும், கிராண்ட் பியானோவில் இது நன்றாகத் தெரியும், நிற்கும் பியானோவில் மங்கலாகத் தெரியும். அந்த இடம்தான் எல்லாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் துளி வேகம் கூட்டு. ஓர் இடத்தில் ஒலி பிறக்கும், ஏதோ அறைக்கு வெளியில் இருந்து வந்தது போல. பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். "சத்தம் வந்திச்சா மிஸ்?" வந்தது. இன்னும் ஒருமுறை அதே அளவு செய் என்றால் வராது, வந்தாலும் பெரிதாக வரும். அதைத் திரும்பத் திரும்பச் செய்து, அந்த ஒரே கட்டையில் ஒரே அளவில் எட்டுத் தடவை வரவைத்த பிறகுதான் அடுத்த விரல். சலிப்பான வேலை என்று பெரியவர்கள் நினைக்கலாம், பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை, இதை ஒரு வேட்டை போலவே எடுத்துக்கொள்கிறார்கள். விரல் கட்டையின் மேல் படிந்தபடியே இருக்க வேண்டும், மேலிருந்து விழக் கூடாது. இதைச் சொன்னாலே பாதிச் சத்தம் குறைந்துவிடும்.

அப்புறம் வருகிறது பெரிய சங்கதி. 'பி' என்று எழுதியிருந்தால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவு மென்மை என்று அர்த்தமில்லை. பேத்தோவனின் ஓபஸ் 27 இலக்கம் 2, மூன்லைட் சொனாட்டா என்று எல்லாருக்கும் தெரிந்தது, அதன் முதல் பகுதி முழுவதற்கும் பியானிஸிமோதான் அடிப்படை. ஆனால் வலது கை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. மூன்று மூன்றாக உருண்டு போகும் ஸ்வரங்களையும் வாசிக்கிறது, மேலே சுண்டுவிரலால் பாட்டையும் பிடிக்கிறது. சுண்டுவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் ஒரே கனம் கொடுத்தால் பாட்டு மூழ்கிப்போகும். சுண்டுவிரல் ஒரு படி மேலே நிற்க, மற்றவை இன்னும் கீழே போக வேண்டும். கேட்பவருக்கு மொத்தமும் பிபி ஆகவே இருக்கும், உள்ளே இரண்டு மூன்று அடுக்கு இருக்கும். வாசிப்பவரின் பலம் தெரிவது இங்கேதான். கையில் இருக்கிற எடையை எந்த விரலுக்கு எவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுப்பது ஓங்கி அடிப்பதைவிடக் கடினமான வேலை.

சரி, 'பி' என்றால் எவ்வளவு சத்தம்? அளவு கிடையாது. இங்கே மழை பெய்கிறபோது தகரக் கூரைக்குக் கீழே இருந்து வாசித்துப் பாருங்கள். வெயில் நாளில் வாசித்த அதே பியானிஸிமோ அங்கே செத்துப்போகும். அதற்காக மழையோடு போட்டிபோட்டு அடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரு படி தூக்கி, ஆனால் பிபிக்கும் பிக்கும் எம்எஃபுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அப்படியே காப்பாற்றினால் கேட்பவருக்கு மென்மை மென்மையாகவே படும். கோயில் மண்டபத்தில் ஓர் அளவு, தேவாலயத்தில் ஓர் அளவு, கம்பளமும் திரையும் போட்ட அறையில் இன்னோர் அளவு. இந்தக் குறிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உள்ள உறவைச் சொல்கின்றன.

அச்சில் வந்த ஆகப் பழைய உதாரணங்களில் ஒன்றைப் பார்த்தாலே இது புரியும். வெனிஸ் நகரத்து ஜியோவன்னி கப்ரியேலி 1597 இல் வெளியிட்ட தொகுப்பில் இரண்டு குழுவாகப் பிரிந்து வாசிக்கும் ஒரு சொனாட்டா இருக்கிறது. ஒரு குழு மட்டும் வாசிக்கும்போது மென்மை என்ற குறி, இரண்டும் சேரும்போது உரப்பு என்ற குறி. அங்கே மென்மைக்கு அளவுகோல் மற்றக் குழுவின் மௌனம்.

இசையமைப்பாளர் ஹைடனுடைய 94 ஆம் சிம்பனியை, 1792 இல் லண்டனில் முதலில் வாசித்ததை, பிள்ளைகளுக்கு நான் எப்போதும் போட்டுக் காட்டுவேன். இரண்டாம் பகுதியில் ஒரு குழந்தைப் பாட்டு மாதிரி எளிமையான மெட்டு மென்மையாக வரும், அதையே திரும்ப இன்னும் மென்மையாக வாசிப்பார்கள், உடனே முழு ஓர்க்கெஸ்ட்ராவும் டிம்பனி மேளமும் சேர்ந்து ஓர் அடி. எல்லாரும் அந்த அடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் பார்வையில் திறமை இருப்பது அதற்கு முன்னால் வரும் இரண்டாவது தடவையில். முதல் தடவை காது அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது, இரண்டாம் தடவை அதையும் குறைத்ததும் காது தானாக முன்னால் சாய்கிறது. சாய்ந்த காதில்தான் அடி விழுகிறது. இரண்டாம் தடவையை முதல் தடவை போலவே வாசித்தால் அடி வெறும் சத்தம்.

அதே ஹைடன் 1772 இல் எழுதிய 45 ஆம் சிம்பனியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, குறிப்பாக எங்கள் பிள்ளைகளுக்கு. ஹங்கேரியில் இருந்த எஸ்தர்ஹாசி இளவரசரின் கோடை மாளிகையில் வாத்தியக்காரர்கள் மாதக்கணக்காகத் தங்கி வேலை செய்தார்கள். குடும்பங்கள் தூரத்தில். எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று தெரியவில்லை. எஜமானிடம் போய் நேரே கேட்கவும் முடியாது. ஹைடன் கடைசிப் பகுதியை எப்படி எழுதினார் என்றால், ஒவ்வொருவராகத் தன் பங்கை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். கடைசியில் ஒலியடக்கி மாட்டிய இரண்டு வயலின் மட்டும் மிஞ்சும். இளவரசருக்கு விளங்கிவிட்டது, அடுத்த நாளே புறப்பட ஏற்பாடு செய்தார் என்று சொல்வார்கள். துரை பங்களா வாசலில் நின்று பேசிப் பழகிய சனங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அதிகம் விளக்க வேண்டியிருக்காது. ஆனால் கவனியுங்கள், அந்த இரண்டு வயலின்காரர்களும் ஒடுங்கி வாசிக்கவில்லை. பயந்து வாசித்திருந்தால் கோரிக்கை போய்ச் சேர்ந்திருக்காது.

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி இன்னும் தூரம் போனார். 1893 இல் அரங்கேறிய ஆறாம் சிம்பனியின் முதல் பகுதியில் ஓர் இடத்தில் பசூன் என்கிற கனத்த குரல் குழலுக்கு ஆறு 'பி' போட்டிருக்கிறார். பசூனில் அந்தக் கீழ்ஸ்வரங்களை அவ்வளவு மென்மையாக எடுப்பது பெரும்பாடு என்பதால் பல ஓர்க்கெஸ்ட்ராக்கள் அந்த நாலு ஸ்வரத்தை பேஸ் கிளாரினெட்டிடம் கொடுத்துவிடுகின்றன. ஆறுக்கும் ஐந்துக்கும் வித்தியாசத்தை எவரும் அளந்து காட்ட முடியாது. ஆனால் ஆறு போட்டதைப் பார்த்த வாத்தியக்காரர் மனதில் அவர் என்ன கேட்கிறார் என்பது சந்தேகமில்லாமல் விழும்.

எழுதி வைக்காத மென்மையும் உண்டு, அதற்கு எங்கள் மலையிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்தில் தப்பு அடிக்கிறவர்களைப் பாருங்கள். நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கிக்கொண்டு, ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மறு கையில் தடித்த குட்டைக் குச்சி. ஊர்வலத்தில் நெஞ்சு அதிரும். மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுகிற இடத்தில் நான் பார்த்த ஒரு பெரியவர் தடித்த குச்சியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு, மெல்லிய குச்சியை மட்டும் தோலின் ஓரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். தாளம் ஒரு துளி தளரவில்லை. கூட்டத்தில் கடைசியில் நின்றவருக்கும் அழுகையின் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. சத்தம் இறங்கும்போது வேகம் இறங்கக் கூடாது என்பதை இதைவிட நன்றாக நான் எந்தப் புத்தகத்திலும் காட்ட முடியாது, அதனால் என் மாணவர்களைக் கூத்துக்குப் போகச் சொல்லுகிறேன்.

பாடுகிறவர்களுக்கும் இதே கதை. தேவாலயப் பாடற்குழு பெரிய வெள்ளிக்கிழமைப் பாடல்களை மெல்லப் பாடும்போது சுருதி மெதுவாகக் கீழே வழுகும். சத்தத்தைக் குறைக்கும்போது மூச்சின் தாங்குதலையும் குறைத்துவிடுவதால் வருவது அது. மென்மையான வரிக்குத்தான் வயிற்றில் இருந்து கூடுதல் தாங்கல் வேண்டும், மெய்யெழுத்துகளையும் இன்னும் கூர்மையாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பின்வரிசைக்கு உயிரெழுத்து மட்டும்தான் போய்ச் சேரும்.

கிரெஷெண்டோ, அதாவது சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுவது பற்றி ஒரு வார்த்தை. அந்த விரியும் கவட்டைக் குறியைக் கண்டதும் பிள்ளைகள் உடனே ஓங்கிவிடுகிறார்கள். கவடு தொடங்குகிற இடம் கூர்முனை. அங்கே நீங்கள் இன்னும் மென்மையில்தான் இருக்கிறீர்கள். முதல் அடியிலேயே ஏறிவிட்டால் ஏறுவதற்கு வேறு இடமில்லை.

இந்த மலைக் காற்றின் ஈரம் இதற்கெல்லாம் எதிரி என்பதையும் சொல்ல வேண்டும். நுவரெலியாவானாலும் ஹட்டனானாலும் பனியும் மழையும் மாதக்கணக்கில் நிற்கிற இடங்களில் பியானோவின் மரமும் ஃபெல்ட்டும் ஊறி, கட்டைகள் மந்தமாகிவிடும். மந்தமான கருவியில் முதலில் செத்துப்போவது பியானிஸிமோதான், ஃபோர்ட்டே எப்படியோ வந்துவிடும். அடிப்பலகைக்கு உள்ளே சின்ன வாட் பல்ப் ஒன்றை எரியவிடுவது பழைய வழக்கம், பல்பைத் துணிக்கும் மரத்துக்கும் படாமல் வைத்தால் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. பிள்ளைக்குப் பிபி வரவில்லை என்று திட்டுவதற்கு முன் கட்டை சரியாக எழும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர்கன் வாங்கப் போகிற பெற்றோருக்கு: நூறு தாளமும் இருநூறு வாத்தியச் சத்தமும் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். "டச் ரெஸ்பான்ஸ் இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். கடையிலேயே ஒரு கட்டையை மெல்லவும் ஓங்கியும் அழுத்திப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே சத்தம் வந்தால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் இரவு ஹெட்ஃபோன் போட்டுக் கொடுங்கள், திருகைக் குறைக்க வேண்டாம்.

ஹெட்ஃபோன் மட்டும் போதாது. எப்போதும் அடக்கியே வாசித்த கைக்கு மென்மை வராது, உரத்து வாசிக்க இடம் கிடைத்த பிள்ளைக்குத்தான் எங்கிருந்து குறைக்கிறோம் என்று தெரியும். வாரத்தில் ஒரு நாளாவது முழுச் சத்தத்தில் வாசிக்க ஓர் இடம் வேண்டும். ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா சாயங்காலம் அம்மாமார் மலையில் இருந்து வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபிறகு சும்மாதான் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கேட்டேன். சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம் சாவியைத் தருகிறேன், ஓர்கனைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், ஆனால் முடிந்ததும் கூட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார். உங்கள் தோட்டத்திலும் அப்படி ஓர் அறை இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள்.